டி.ஜே. வித்தைக்கு எவ்வளவு முதல் வேண்டும்?

சென்ற இதழில், மாநிலம் விட்டு மாநிலம் வரும் பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பெறும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர் தத்தம் வீட்டுக் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இன்று எழக்கூடிய கேள்வியாதலால், இம்மாதம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எழுதியவர் ரயில்வே பட்டறைத் தொழிலாளி. இன்னும் பதினான்கு மாதங்களில் ஓய்வு பெறப்போகிறவர். அவருடைய இளைய மகனுக்கு வயது பத்தொன்பது. டி.ஜே. ஆகியே தீருவேன் என்று நிற்கிறான். ஒலிபெருக்கிகள், ஆம்ப்ளிஃபயர், வண்ண விளக்குகள், புகை கக்கும் இயந்திரம் என்று மூன்றரை லட்ச ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதித் தகப்பனார் முன் வைத்திருக்கிறான். மூத்த மகளின் கல்யாணம் இந்தத் தை மாதத்திலோ அடுத்த வைகாசியிலோ கூடிவரும் நிலையில் இருக்கிறது. சேமநிதியிலிருந்து முன்பணம் எடுப்பதா, கடன் வாங்குவதா, பையனை அதட்டி ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா என்பது அவருடைய கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேமநிதியைத் தொட வேண்டாம். பையனை அதட்டவும் வேண்டாம். அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்கு வேறொரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியது என் கடமை. கடந்த ஆறு ஆண்டுகளாக நம் சங்க விழாக்களில் ஒலிப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன் என்ற ஒரு தகுதியே எனக்கு உண்டு. அரசு ஊழியனாகையால் இதற்குக் கூலி வாங்க விதிகள் இடம் கொடா. ஆகவே எந்தக் கடைக்காரருக்காகவும் நான் பேசவில்லை என்று நம்பலாம்.

நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் டி.ஜே. என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருள் ஏற்பட்டுவிட்டது. விநாயகர் ஊர்வலத்திலும் மாப்பிள்ளை ஊர்வலத்திலும் லாரியின் மேல் ஆள் உயரத்துக்கு மேலாக ஒலிபெருக்கிகளை அடுக்கிக்கொண்டு வருகிறார்களே, அந்த அடுக்குக்கே டி.ஜே. என்று பெயர். நம் வீடுகளிலும் அப்படியே வழங்குகிறது. டி.ஜே. வந்துவிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. வந்துவிட்டதா என்று அஃறிணையில்தான் கேட்கிறோம். கல்யாணிலும் டோம்பிவிலியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளை இதைத் தினம் கேட்கிறான். டி.ஜே. ஆவதென்றால் அந்த அடுக்கை விலைக்கு வாங்குவது என்று அவன் எண்ணுவதில் வியப்பில்லை.

உண்மையில் அச்சொல் ஓர் ஆளைக் குறிப்பது. 1930களில் அமெரிக்க வானொலி நிலையங்களில் இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பியவர்களைக் குறிக்க ஏற்பட்ட பெயர் அது. நமக்கு அந்த ஆள் புதியவரும் அல்லர். ஊரில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைக்செட்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். விடியலில் பிள்ளையார் பாட்டு, பந்தியின்போது மென்மையான பாட்டு, பெண் அழைப்பு வரும்போது துள்ளல் பாட்டு என்று நேரம் பார்த்துத் தட்டை மாற்றியவர் அவர். மாற்றத் தெரிந்த மைக்செட்காரரை அடுத்த ஊரார் தேடி வந்து அழைத்தார்கள். அவரிடம் இருந்த பெட்டியும் குழாயும் மற்றவர்களிடமும் இருந்தவைதாம்.

இன்று உலகமெங்கும் பரவியுள்ள டி.ஜே. வித்தை எந்த மாதிரி வீட்டில் முளைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் தகப்பனார்களுக்குச் சிறிது தைரியம் வரும். ஜமைக்கா தீவிலிருந்து 1967-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குப் பிழைப்புக்காகக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை கிளைவ் கேம்ப்பெல். நம்மைப் போலவே புலம்பெயர்ந்த குடும்பம். பள்ளி திறக்கும் சமயம் அவருடைய தங்கை சிண்டிக்குப் புது உடை வாங்கப் பணம் வேண்டியிருந்தது. அண்ணனும் தங்கையுமாக 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு நடன விருந்து வைத்தார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அழைப்பிதழ்களைக் கையாலேயே எழுதினார்கள். ஒலிச்சாதனம் தகப்பனாருடையது. கூல் ஹெர்க் என்ற பெயரில் அன்று தட்டுப் போட்ட அந்த வாலிபரின் விருந்தையே ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுகிறார்கள். பாட்டில் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதி வரும்போதே ஜனங்கள் அதிக உற்சாகமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். கவனித்ததுதான் அவருடைய முதல்.

அவரையடுத்து வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று பெயர் பெற்ற ஜோசப் சாட்லர். இவரும் பார்பேடோஸ் தீவில் பிறந்து வந்த குடியேறியே. தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். ஒரு தட்டு சபையில் ஒலிக்கும்போதே அடுத்த தட்டைத் தான் மட்டும் காதில் கேட்க வேண்டும் என்பது அவருடைய தேவை. அவர் கையிலிருந்த கருவியில் அதற்கு வசதி இல்லை. விலை உயர்ந்ததை வாங்கப் பணமும் இல்லை. பிறர் வீசி எறிந்த சாதனங்களிலிருந்து உறுப்புகளைப் பொறுக்கி, தாமே ஒரு சுவிட்சு அமைத்துக்கொண்டார். தட்டில் எந்த இடத்தில் பாட்டு தொடங்க வேண்டும் என்பதை மெழுகு வண்ணக்கோலால் கோடு போட்டு அடையாளம் செய்தார். அவர் சுவிட்சு அமைத்துப் பெற்ற அந்த வசதி இன்று சிறிய கருவிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது.

அந்த வசதியில்தான் இந்த வித்தையின் உயிர்நிலை இருக்கிறது. சபையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. டி.ஜே. ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைக் கேட்கிறார். அதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதல் பாட்டின் வேகத்துக்குச் சமமாக்குகிறார். பிறகு தாளத்தின் முதல் அடியும் முதல் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அதை உள்ளே விடுகிறார். தாணேயைத் தாண்டி நம் விரைவு வண்டியும் மெதுவு வண்டியும் இணைத் தண்டவாளங்களில் சேர்ந்து ஓடும் சில நொடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் சமமானவுடன் எதிர் வண்டியின் ஜன்னலில் இருப்பவர் அசையாமல் நிற்பது போலத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கணத்தில் ஒரு வண்டியிலிருந்து மற்றதற்குக் கூட்டத்தை மாற்றிவிடுவதே டி.ஜே.யின் வேலை. மாறியது தெரியாமல் ஆட வேண்டும்.

இதைக் கற்க என்ன செலவாகும்? வீட்டில் பிள்ளைகள் படிக்கும் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால், முதல் மூன்று மாதங்களுக்கு நான்காயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ‘மிக்ஸ்’ என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் கடைசி எழுத்தை மூன்று முறை போடுவார்கள். தன்னார்வலர்கள் கூடி உருவாக்கி யாவர்க்கும் பொதுவாக விட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். சந்தா எதுவும் கிடையாது. திரையில் இரண்டு தட்டுகளும் நடுவே கலக்கும் பலகையும் தோன்றும். மடிக்கணினியில் ஒலி வெளிவரும் வழி ஒன்றே உள்ளதாதலால், சில நூறு ரூபாய் விலையுள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். ஒரு வழி வீட்டு ஸ்பீக்கருக்கு, மற்றது ஹெட்போனுக்கு. ஃபிளாஷ் அமைத்த சுவிட்சின் வேலையை இது செய்துவிடும்.

ஹெட்போனில் மட்டும் மிகவும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காதை முழுவதும் மூடும் வகையாக, கம்பியுள்ளதாக, இரண்டாயிரம் மூவாயிரத்தில் ஒன்று வாங்கலாம். புளூடூத் வகை உதவாது. அதில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால், கை ஒரு தாளத்திலும் காது ஒரு தாளத்திலும் நிற்கும்.

கருவி வந்தவுடன் இரைச்சலாகப் பாட்டுப் போட்டு அக்கம்பக்கத்தாரின் சாபத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம். முதல் மாதம் எண்ணுவதற்கே சரியாக இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து வினாடிகளில் பாட்டின் அடிகளை எண்ணி நான்கால் பெருக்கினால், நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். இதையே பி.பி.எம். என்கிறார்கள். முப்பது அடி எண்ணினால் 120. மேல்நாட்டு ஹவுஸ் இசை பெரும்பாலும் 120-க்கும் 130-க்கும் இடையில் நிற்கும். தனக்குப் பிடித்த ஐம்பது பாட்டுகளுக்கு இவ்வாறு எண்ணி ஒரு நோட்டில் எழுதிய பிள்ளைக்கு, எந்தப் பாட்டு எதனோடு சேரும் என்பது பாதி விளங்கிவிடும்.

அடுத்தது நடை. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திச்ர நடையில் அமைந்தவை. தகிட, தகிட என்று மூன்று மூன்றாக ஓடுபவை. ஹவுஸ் இசையும் பாங்க்ராவும் நான்கு நான்காக ஓடுபவை. வேகம் ஒன்றாக இருந்தாலும் மூன்றின் மேல் நான்கை ஏற்றினால் ஆடுபவர் கால் தடுமாறும். நவராத்திரியில் ஆடும் கர்பாப் பாட்டுகளிலும் ஆறு மாத்திரை நடை சாதாரணம் என்பதால், குத்துப் பாட்டிலிருந்து கர்பாவுக்குப் போவது பல சமயங்களில் வழுக்கிக்கொண்டு போவது போல எளிதாக இருக்கும். இந்த நுணுக்கத்தைக் கணினி சொல்லித் தராது. வீட்டில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு மிருதங்க ஆசிரியரிடமோ தாளம் போடக் கற்ற பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் புரியும்.

பழைய சினிமாப் பாட்டுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. 1970, 1980களின் பாட்டுகள் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. அவற்றில் தாளம் மனிதருடைய மூச்சைப் போலச் சிறிது ஏறும், சிறிது இறங்கும். கணினியில் ‘சிங்க்’ என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டுகளின் வேகமும் தாமாகவே சமமாகும் என்பது உண்மை. ஆனால் இத்தகைய பாட்டில் அது அரை நிமிஷத்தில் விலகிவிடும். அறுபது வயதுக்காரர்களும் எழுந்து வந்து ஆடும் பாட்டுகள் இவையே என்பதால், கையால் சரிசெய்யும் பழக்கம் இல்லாத டி.ஜே. நம்மவர் கல்யாணத்தில் திணறிப்போவான். பொத்தானை அழுத்தலாமா கூடாதா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். முதல் மூன்று மாதம் அழுத்த வேண்டாம், பிறகு தாராளமாக அழுத்தலாம் என்பேன்.

மாற்றும் இடத்தையும் அறிய வேண்டும். நடனப் பாட்டுகளில் முப்பத்திரண்டு அடிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மாறுதல் வரும். சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடம் வாசல் போன்றது. சரணத்தின் நடுவில், பாடகர் ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை நுழைப்பது, பேசுகிறவர் வாயைப் பொத்துவது போலாகும். அதோடு, கனத்த அடித்தொனியை இரண்டு பாட்டுகளிலும் ஒரே சமயத்தில் விடக்கூடாது. ஒன்றில் குறைத்த பிறகே மற்றதில் ஏற்ற வேண்டும். இல்லையேல் கூடம் முழுதும் குழம்பும். அளவு காட்டும் விளக்கு சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் மென்பொருளிலேயே பதிவு செய்து, மறுநாள் காலையில் வேறொருவர் வாசித்தது போலக் கேட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த ஆசான் கிடையாது.

பாட்டுச் சேகரத்தில் தொகை முக்கியமன்று. ஐயாயிரம் பாட்டுகளைச் சுமந்து வந்து எதைப் போடுவதென்று விழிப்பவனைவிட, நூற்றைம்பது பாட்டுகளை நகக்கண்ணில் வைத்திருப்பவன் மேல். கண்ட இடத்தில் இறக்கிய மட்டமான பதிவு வீட்டுச் சிறு ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்கும். பெரிய ஒலிபெருக்கியில் தகரம் தட்டுவது போலாகிவிடும். விலை கொடுத்து நல்ல பதிவை வாங்கிக் கணினியில் வைத்துக்கொண்டு, இரண்டு பென்டிரைவுகளில் பிரதியும் எடுத்து வைக்க வேண்டும். மண்டபத்தில் இணையத்தை நம்பிப் பாட்டுப் போடக்கூடாது. தாலி கட்டியாகிற சமயத்தில்தான் அது நின்றுபோகும்.

நம் பிள்ளைகளுக்கு வேறு எவருக்கும் இல்லாத ஒரு கைமுதல் உண்டென்று நினைக்கிறேன். கல்யாணில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ்ப் பாட்டு, தெருவில் மராத்திப் பாட்டு, பள்ளியில் இந்திப் பாட்டு, அடுத்த வீட்டில் குஜராத்தியோ மலையாளமோ காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கே நடக்கும் கல்யாணங்களில் பெண் வீட்டார் ஒரு பாஷை, பிள்ளை வீட்டார் ஒரு பாஷை என்பது இப்போது சாதாரணம். இரு வீட்டாரையும் ஒரே கூடத்தில் மாற்றி மாற்றி எழுந்து ஆடவைக்க, அந்த நான்கு பாஷைப் பாட்டையும் சிறு வயதிலிருந்தே கேட்டவனால்தான் முடியும். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பெண்கள் மட்டும் கூடும் மெஹந்தி, சங்கீத் முதலிய நிகழ்ச்சிகளுக்குப் பெண் டி.ஜே.யைத் தேடுகிற வீடுகள் இருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியை மகன் கேட்டாலும் மகள் கேட்டாலும் என் பதில் ஒன்றே.

மூன்று மாதம் விடாமல் பழகிய பிள்ளைக்கு அடுத்து வாங்க வேண்டியது கண்ட்ரோலர். இச்சொல்லைக் கேட்டதும் ரயில்வே அன்பர்களுக்குத் தொலைபேசியில் அதட்டும் செக்‌ஷன் கண்ட்ரோலர் ஞாபகத்துக்கு வருவார். இது பூரிக்கட்டைப் பலகை அளவுள்ள ஒரு சாதுவான பெட்டி. சுற்றும் சக்கரங்கள் இரண்டும், தள்ளும் குமிழ்களும் அதில் இருக்கும். கணினியோடு கம்பியால் இணைத்துக்கொள்வது. நல்ல பெயருள்ள கம்பெனிகளின் தொடக்க வகை இன்றைய விலையில் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. அதற்கு மேற்பட்ட வகை முப்பதாயிரத்தைத் தொடும். இரண்டு வழி உள்ளதே போதும். ஹெட்போனுக்கும் ஒலிபெருக்கிக்கும் தனித்தனி வாய் இருக்கிறதா, ஒவ்வொரு பாட்டுக்கும் உச்சத் தொனி, நடுத் தொனி, அடித் தொனி என்று மூன்று குமிழ்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பெரிய கூடங்களில் வைத்திருக்கும் தொழில்முறைப் பிளேயர் ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டும். அதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அத்தகைய இடத்துக்கு அழைப்பு வரும் நாளில் அங்கே அது இருக்கும்.

ஆக, ஹெட்போன் 2,500, சவுண்ட் கார்டு 500, பாட்டுகளுக்கு 1,000, கண்ட்ரோலர் 15,000. மொத்தம் 19,000 ரூபாய். அதிலும் பெரும்பகுதி மூன்று மாதம் கழித்தே கையை விட்டுப் போகிறது. இடையில் பிள்ளைக்கு ஆர்வம் தணிந்துவிட்டால் நஷ்டம் நான்காயிரத்தோடு நின்றது.

ஒலிபெருக்கி எங்கே என்று அந்தப் பையன் கேட்பான். சங்க அலுவலகத்துக்குத் தகப்பனாருடன் வந்தபோது கேட்கவும் செய்தான். “அண்ணா, பெரிய செட் இல்லாவிட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்” என்றான். அவன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. விழா வீட்டார் பெட்டியின் உயரத்தைப் பார்த்தே கட்டணம் பேசுகிறார்கள். ஆனால் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும் பொருள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒலிச்சாமான் வாடகைக்கு விடுபவர் இருக்கிறார். விழா வீட்டாரிடம் பேசும் தொகையில் அந்த வாடகையையும் சேர்த்தே பேசிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கினவனுக்கு அதை வைக்க இடம் வேண்டும்; ஏற்றி இறக்க ஆளும் டெம்போவும் வேண்டும்; நம்மூர் மழைக்காலத்தின் ஈரத்திலிருந்து நான்கு மாதம் அதைக் காப்பாற்ற வேண்டும்.

மழைக்காலம் என்றதும் கடன் கணக்கும் வருகிறது. மூன்று லட்ச ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினான்கு வட்டியில் மூன்று ஆண்டுத் தவணையாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். இங்கே மராட்டியர் வீடுகளில் ஆஷாட ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரையுள்ள சாதுர்மாசத்தில் கல்யாணம் வைப்பது வழக்கமில்லை. நம்மவர் ஆடியிலும் மார்கழியிலும் வைப்பதில்லை. பிள்ளையார் சதுர்த்தியும் நவராத்திரியும் இடையில் சிறிது கை கொடுக்கும். ஆனால் அந்த நாட்களில் பழைய, பெரிய செட்டுக்காரர்கள் எல்லோரும் போட்டிக்கு நிற்பார்கள். தவணை தேதிக்குச் சாதுர்மாசம் தெரியாது. “தம்பி, அந்த நான்கு மாசம் என் பென்ஷனிலிருந்துதான் போகும், இல்லையா?” என்று தகப்பனார் கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன யோசனை இது. கண்ட்ரோலர் வாங்கும் முன்பே, வாடகைச் செட்டு விடுபவர் ஒருவரிடம் முகூர்த்த நாட்களில் உதவியாளாகப் போக வேண்டும். கம்பி சுருட்டுவதும் பெட்டி தூக்குவதும்தான் முதலில் கிடைக்கும். எந்த அளவு கூடத்துக்கு எத்தனை பெட்டி, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, மைக் ஏன் அலறுகிறது, சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு தாழ்த்துவது, கெட்டிமேளம் கொட்டும்போது எப்படி வாய் மூடியிருப்பது என்பனவெல்லாம் அங்கேதான் தெரியும். கூலி சொற்பமாக இருந்தாலும் வரவு, செலவன்று. செட்டுக்காரருக்கு நம்பிக்கை பிறந்தால், ஒரு பிறந்தநாள் விழாவில் அரை மணி நேரம் அவரே பலகையைக் கையில் கொடுப்பார்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமென்று நான் கருதுவதைச் சொல்கிறேன். இத்தொழிலில் திரும்ப வாங்க முடியாத சாமான் ஒன்று உண்டு, அது செவி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு எட்டு மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஒலி மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிஷமே தாங்கும். ஒலிபெருக்கி அடுக்கின் பக்கத்தில் அந்த அளவு சர்வசாதாரணம். ஊர்வலமோ நான்கு மணி நேரம் போகிறது. உள்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கீச்சென்று ஒலி கேட்டுக்கொண்டே இருந்தால், அது உடம்பு கொடுக்கும் அபாய அறிவிப்பு. மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்கு நுரை அடைப்பான் கிடைக்கிறது. உதவியாளாகப் போகும் முதல் நாளிலிருந்தே அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஹெட்போனையும் வேண்டிய நேரத்துக்கு மட்டும் காதில் வைத்து எடுத்துவிட வேண்டும். தாய்மார்கள் இவ்விஷயத்தில் கண்டிப்பாக இருந்தால் நல்லது. தகப்பனார்கள் மூன்றரை லட்சத்தைக் காக்கப் போராடுகிறார்களே தவிர, இதைக் கேட்பதில்லை.

அக்கம்பக்கத்தாரின் செவியைச் சட்டம் காக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளை முன்னிட்டு ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மற்ற நாட்களில் பத்து மணிக்குக் கூட்டம் எவ்வளவு கெஞ்சினாலும் நிறுத்த வேண்டியதே. பாட்டின் உரிமை வேறு விஷயம். கல்யாணத்தோடு சேர்ந்த நிகழ்ச்சிகளுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஹோட்டல் விருந்து, கம்பெனி விழா முதலியவற்றுக்கு உரிமம் எடுக்க வேண்டும். அது யார் பொறுப்பு என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய கண்ட்ரோலராக வாங்கினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படும் என்று சிலர் சொல்வது சரியே. வாங்கப் போகும்போது நம் மடிக்கணினியையும் ஹெட்போனையும் கையோடு கொண்டு போக வேண்டும். விற்பவருடைய கணினியில் ஓட்டிக் காட்டினால் போதாது. ஒவ்வொரு குமிழையும் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தள்ளிப் பாருங்கள். நடுவில் கரகரவென்றாலோ ஒலி தாவினாலோ உள்ளே தேய்ந்திருக்கிறது. சக்கரங்களைச் சுற்றி நிறுத்தி, திரையிலுள்ள தட்டும் உடனே நிற்கிறதா என்று கவனியுங்கள். கம்பி செருகும் வாயை இலேசாக அசைத்துப் பாருங்கள். அப்போது இணைப்பு அறுபட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஹெட்போன் வாயின் இரு காதிலும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். அசல் ரசீதைக் கேட்டு வாங்கி, பெட்டியின் அடியிலுள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்து, அதன் பிறகு பணத்தை எண்ணுங்கள்.